ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

போன வாரம் கண்ணைக் காட்டுவதற்காக நாமக்கல் போயிருந்தேன். இப்போதெல்லாம் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் வரிசையில் வந்த எல்லோரையும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர், ஊர், போன் நம்பர், பிறந்த தேதி. எனக்கு முன்னால் நின்றவர் எழுபதைத் தாண்டியவர். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. பிறந்த தேதி என்றதும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"பெருங்காத்து அடிச்சு வாழையெல்லாம் சாஞ்சுதுங்களே, அதுக்கு அடுத்த வருசம். ஆடி மாசம்னு எங்கம்மா சொல்லும்."

அந்தப் பெண்ணின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. "தேதி வேணுங்க அப்புச்சி."

"அதான் சொன்னனே கண்ணு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பொது இடத்தில் அப்படிச் சிரிக்கக் கூடாதுதான். அந்தப் பெண் என்னை முறைத்தாள். "ஜனவரி ஒன்னுன்னு போட்டுக்க கண்ணு" என்றேன். அவளும் வேறு வழியில்லாமல் அதையே போட்டாள். பெரியவர் திரும்பி என்னை மரியாதையாகப் பார்த்தார். "பரவாயில்லீங்களே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார்.

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கொல்லிமலையில் இருபத்தாறு வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். என் எல்லைக்குள் பாதிப் பெண்களை ஜனவரி ஒன்றாம் தேதி பிறக்க வைத்தவளே நான்தான். அந்தக் கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

முதலில் வந்தது வாசனை. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை எல்லோருக்கும் ஊசியை நினைவுபடுத்தும். எனக்கு மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் இருந்த என் துணை சுகாதார நிலையத்தை நினைவுபடுத்தும். இரண்டு அறை, ஒரு பீரோ, ஒரு எடை மெஷின், மழைக்காலத்தில் சுவர் முழுக்கப் பூஞ்சை. வேலை உத்தரவு வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. மலைக்கா போகிறாள் என்று வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நானும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் வாந்தி வந்தது. எழுபது வளைவிலும் வாந்தியைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாததால் அழுகை தானாக நின்றுவிட்டது. மேலே இறங்கியபோது பஸ் நிறுத்தத்தில் பழுத்த பலாவின் வாசனை. அதோடு நான் மலைக்காரியாகிவிட்டேன்.

பீரோவுக்குள் என் நோட்டு இருக்கும். சிவப்புத் துணி ஒட்டிய அட்டை போட்ட நீள நோட்டு. கர்ப்பிணிகளின் விவரமெல்லாம் அதில்தான். வருடா வருடம் புதிய நோட்டு வந்ததும் அடிக்கோலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து கோடு போடுவேன். என் வாழ்க்கையில் நான் ஆசையாகச் செய்த வேலைகளில் அது ஒன்று. கொஞ்சம் கவலைப்பட வேண்டிய பெண் என்றால் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ரொம்பக் கவலைப்பட வேண்டியவள் என்றால் இரண்டு வட்டம்.

அந்த நோட்டில் ஒரு விசேஷம் உண்டு. பெயர்கள் அகர வரிசையிலும் இருக்காது, நம்பர் வரிசையிலும் இருக்காது. என் கால் நடக்கிற வரிசையில் இருக்கும். நிலையத்தை விட்டு இறங்கினால் வருகிற முதல் வீடு முதல் பக்கம். ஓடையைத் தாண்டினால் மூன்றாம் பக்கம். நெல்வயலைச் சுற்றிக்கொண்டு போய், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே மேட்டில் ஏறினால் ஏழாம் பக்கம். ஏழாம் பக்கத்தைப் புரட்டும்போதே எனக்கு மூச்சு வாங்கும். மேலதிகாரிகள் வந்து நோட்டைப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. "இதுல எப்படிம்மா ஒரு பேரைக் கண்டுபுடிக்கறது?" என்று ஒருவர் கேட்டார். "நடந்தாக் கெடைக்கும் சார்" என்றேன். திமிராகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

இப்படி இருபது வருடம் ஓடியிருந்த சமயத்தில்தான் அந்த மாதக் கூட்டம் நடந்தது. அதிகாரி ஒருவர் எழுந்து, "அடுத்த மாசத்துல இருந்து உங்க எல்லாருக்கும் டேப்லெட் குடுக்கப் போறோம்" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த செவிலியர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, "எத்தனை மில்லிகிராம் சார்?" என்று கேட்டார். எங்கள் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருமே அதைத்தான் கேட்க இருந்தோம்.

வந்தது மாத்திரை இல்லை. கருப்பாகச் சிலேட்டுப் பலகை அளவில் ஒரு சாமான். அதைச் சொல்லிக்கொடுக்க நஸ்ரின் என்று ஒருத்தியை வைத்திருந்தார்கள். கீழே வட்டார அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பதிவுகளைப் பார்க்கிறவள். அடிவாரத்து ஊர்க்காரி, குடையும் தார்ப்பாயும் விற்கிற குடும்பம். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். ஆனால் முதல் நாளே என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதட்ட ஆரம்பித்துவிட்டாள். காரணம் என் விரல். பேனாவை அழுத்தி எழுதிப் பழகிய கை, கண்ணாடியையும் அழுத்தியது. போதாக்குறைக்கு, மலைக்குளிரில் வெடித்துக் காய்த்துப் போயிருந்த என் விரலை அந்தச் சாமான் விரலாகவே மதிக்கவில்லை. நான் ஒன்றைத் தொட்டால் அது வேறொன்றைத் திறந்தது.

"அக்கா, ஊசி போடற மாதிரி குத்தாதீங்க. பூவத் தொடற மாதிரி தொடுங்க" என்றாள் நஸ்ரின்.

இருபது வருடம் ஊசி போட்ட கைக்குப் பூவைத் தொடுவது மறந்து போயிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். எச்சில் தொட்டுப் பார்த்தேன். "இது நோட்டு இல்லீங்கக்கா, எச்சில் தொட்டுத் திருப்ப" என்று அதற்கும் திட்டு. ஒரு மாதத்துக்குப் பிறகு, விரல் நுனிக்குப் பதிலாகப் பக்கவாட்டால் தொட்டால் அது கேட்கிறது என்று நானாகவே கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குப் பிரசவம் பார்த்த மாதிரி சந்தோஷம்.

தொடுவது பிடிபட்ட பிறகு கேள்விகள் வந்தன. சில கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. வீட்டு எண், சிவப்பு நட்சத்திரம். தெருப் பெயர், சிவப்பு நட்சத்திரம். எங்கள் மலையில் தெரு ஏது? நான் 'பலா மரத்துக்கு மேலே' என்று போட்டேன். 'ஓடை ஓரம்' என்று போட்டேன். வீட்டு எண்ணுக்கு எல்லோருக்கும் ஒன்று. பிறந்த தேதியில்தான் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போன பெண்களுக்குச் சான்றிதழ் இருந்தது. மற்றவர்களுக்குச் சாமை அறுத்த மாசம், பன்றி வந்து காட்டை அழித்த வருசம், இப்படித்தான். வருடத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டுவிடுவேன். தேதிக்கு எங்கே போவது? எல்லோருக்கும் ஜனவரி ஒன்று.

பதிய ஆரம்பித்த மூன்றாம் வாரமே நஸ்ரின் போன் செய்தாள். "யா அல்லா! ஏனுங்கக்கா, உங்க மலையில மத்த நாள்ல கொழந்தையே பொறக்காதுங்களா?"

"இனிமே பொறக்கற கொழந்தைங்க வேற வேற நாள்ல பொறக்கும் நஸ்ரின். அம்மாக்காரிங்கள விட்டுரு" என்றேன்.

அடுத்த சிவப்பு நட்சத்திரம் போன் நம்பர். இதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். அப்போது மலையில் சில இடத்தில்தான் சிக்னல் எடுக்கும். என் எல்லையில் ஒரே ஓர் இடம், மேட்டின் உச்சியில் ஒரு பாறை. அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். பாறையை ஒட்டியே கருப்பண்ணன் வீடு, அந்த வாசல்வரைக்கும் சிக்னல் கொஞ்சம் எட்டும். ஐம்பது வயதுக்காரர், மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்டிருந்தார், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று கேட்டால், "நேரம் கெடைக்கலீங்க" என்பார். திருப்பூரில் வேலை செய்கிற அவருடைய தம்பி ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை அந்தத் தம்பி கூப்பிடுவார். மற்ற நாளெல்லாம் அது ஆணியில் பையோடு தொங்கும்.

போனே இல்லாத வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அவருடைய நம்பரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "போட்டுக்கங்க நர்சம்மா. நம்பருதானுங்களே, தேஞ்சா போயிரும்?" என்றார். பதினோரு பெண்களுக்குப் போட்டேன்.

நான் எழுதியதெல்லாம் கீழே போய்ச் சேர வேண்டுமென்றால் நானும் அந்தப் பாறைக்குத்தான் ஏற வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே ஒரு சின்னக் கூட்டமே இருக்கும். வருகைப் பதிவை அனுப்பப் பள்ளிக்கூட வாத்தியார் வருவார். ரேஷன் கடைக்காரர் வருவார். நானும் சேர்ந்து மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்போம். கருப்பண்ணன் எனக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, மிளகு தட்டிப்போட்ட காப்பி கொடுப்பார். மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும். அது விலகும்வரை பேசிக்கொண்டிருப்போம். ரேஷன் கடைக்காரருக்குப் பாட்டு வேறு வரும். அரசாங்க வேலையில் அவ்வளவு சும்மா உட்கார்ந்திருந்து அவ்வளவு சிரித்தது அந்த நாட்களில்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கருப்பண்ணன் நிலையத்துக்கே இறங்கி வந்தார். முகத்தில் குழப்பம்.

"நர்சம்மா, ஒரு அம்மா போன் பண்ணுச்சுங்க. 'ராணி அவர்களுக்கு வணக்கம், நீங்கள் ஆறாவது மாதத்தில் இருக்கிறீர்கள்'ன்னு சொல்லுச்சு. நா ராணி இல்லீங்கன்னன். காதுலயே வாங்காம, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொல்லிட்டு வெச்சுருச்சுங்க."

கீழே இருந்த கம்ப்யூட்டர், நான் கொடுத்த நம்பர்களுக்கெல்லாம் தானாகப் பேச ஆரம்பித்திருந்தது. அது பதிவு செய்த குரல் என்று விளக்கினேன். அவர் பாதிதான் நம்பினார். "இருந்தாலும் ஒருத்தங்க மெனக்கெட்டுச் சொல்றாங்க. சேதி போய்ச் சேரோணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, நேராக ராணி வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிடச் சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு அது அவருடைய வேலையாகிவிட்டது. போன் வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். வாசலில் நின்று, "ஏங்கண்ணு, அந்தம்மா உன்னய இனி மல்லாந்து படுக்க வேண்டாம், எடது பக்கமாப் படுக்கோணும்னு சொல்லுச்சு" என்பார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் இடது பக்கம்தான் படுத்தார்கள். நான் இருபது வருடம் சொன்னதைவிட அவர் சொன்னதற்கு மதிப்பு அதிகம். கல்யாணமே ஆகாத மனுசருக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்பதுவரை தெரிந்துபோயிற்று.

நானும் அதற்குள் தேறிவிட்டிருந்தேன். ஆரம்பத்தில் டேப்லெட்டில் எழுதியதையே பழைய நோட்டிலும் எழுதி வைத்தேன். "ரெண்டு வேல ஏங்கக்கா பாக்கறீங்க? அத நம்புங்க" என்று நஸ்ரின் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு மாதக் கூட்டத்தில் மலையிலேயே நான்தான் பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறேன் என்று எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். மூத்த செவிலியர்கூடக் கைதட்டினார். மலையேறி வரும்போது எழுபது வளைவிலும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. அன்றைக்கு அது பஸ்ஸினால் வந்த கிறுகிறுப்பு இல்லை. வந்த கையோடு நோட்டை எடுத்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். அந்த மாதத்திலிருந்து காலையில் டேப்லெட் காட்டுகிற பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அந்த வீட்டுக்கு மட்டும் போனேன். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போவதில்லை. கால்வலி குறைந்தது. இதை இருபது வருடம் முன்னாலேயே கொடுத்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

என் எல்லையில் இரண்டு செல்வி இருந்தார்கள். ஒருத்தி ஓடை ஓரம், இன்னொருத்தி மேட்டு வீடு. இரண்டு பேருடைய வீட்டுக்காரர் பெயரும் பொன்னுசாமி. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது. பிறந்த தேதி நான் கொடுத்த ஜனவரி ஒன்று. போன் நம்பர் கருப்பண்ணனுடையது. டேப்லெட்டில் 'செல்வி' என்று தேடினால் மேலும் கீழுமாக ஒரே மாதிரி இரண்டு வரி வரும். பக்கத்தில் இருக்கிற நீளமான நம்பர்தான் வித்தியாசம். அந்த நம்பரை யார் பார்த்தது?

ஒருநாள் ஓடை ஓரத்துச் செல்வியைப் பார்க்கப் போனேன். அவளுக்கு ஆறாம் மாதம் முடிகிற சமயம். டேப்லெட்டைத் திறந்தால் ஒன்பதாவது மாதம் என்று காட்டியது. நான் திறந்தது மேட்டு வீட்டுச் செல்வியின் வரி. அது எனக்கு உறைக்கவில்லை. பதியும்போது தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டோம் போல என்று நினைத்து, அங்கேயே நின்று அழகாகத் திருத்தினேன். திருத்தத் தெரிந்துகொண்டோமே என்று பெருமை வேறு. ஆக, கம்ப்யூட்டரின் கணக்கில் இரண்டு செல்விக்கும் ஒரே மாதம். மேட்டு வீட்டுச் செல்வியை அன்றைக்கே பார்த்தாகிவிட்டது என்றும் பதிவாகிவிட்டது. அவள் பெயர் என் பட்டியலில் வரவில்லை. தினமும் பாறைக்கு ஏறினாலும், வழியிலிருந்து விலகி அந்த வாசலுக்கு நானும் போகவில்லை.

மூன்று வாரம் இருக்கும். காலை பத்து மணிக்குக் கருப்பண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க நர்சம்மா, அந்தம்மா செல்விக்கு ரெண்டு தடவ போன் பண்ணுச்சுங்க. ரெண்டு தடவயும் ஏழாவது மாசம்னு சொல்லுச்சு. ரெண்டு ஊட்லயும் போய்ச் சொன்னன். மேட்டு ஊட்டுப் புள்ள சிரிக்குது. 'மாமா, எனக்கு மாசம் ஆயிப்போச்சு, இந்த வாரமோ அடுத்த வாரமோ'ங்குது."

நான் அப்போது சொன்னதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. "டேப்லெட்டுப் பொட்டி தப்பாச் சொல்லாதுங்கண்ணா. அந்தப் புள்ள நாளத் தப்பா எண்ணியிருக்கும்" என்றேன்.

அவர் போகவில்லை. துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றார். "பொட்டி சொன்னாச் சரிதானுங்க. ஆனா அந்தப் புள்ளைக்குக் காலு ரெண்டும் குச்சிக்கெழங்காட்ட வீங்கிக் கெடக்குது. தலவலின்னு கட்டிக்கிட்டு உக்காந்திருக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்க."

வீங்கிய கால், தலைவலி. நாள் நெருங்கும்போது இரண்டும் சேர்ந்து வந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. பீரோவின் அடித்தட்டிலிருந்து நோட்டை இழுத்தேன். ஏழாம் பக்கம். மேட்டு வீடு, செல்வி. கடைசியாகத் தலைக்குளித்த தேதி, பிரசவத்துக்கு நாள் குறித்த தேதி, எல்லாம் என் கையெழுத்தில் தெளிவாக இருந்தன. அவள் சொன்ன கணக்குதான் சரி. பையை எடுத்துக்கொண்டு அந்த மேட்டில் நான் ஏறிய வேகம் இருபத்துமூன்று வயதில்கூட ஏறியதில்லை.

ரத்த அழுத்தம் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அவளிடம் சொல்ல முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. கருப்பண்ணன் நான் சொல்லாமலேயே பாறைக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, வரும்போது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். ரோடு வரைக்கும் அவளை நடக்க விடக் கூடாது. நாற்காலியில் உட்கார வைத்து, பொன்னுசாமியும் இன்னும் மூன்று பேரும் ஆளுக்கொரு கால் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கருப்பண்ணன் முன்னால் நடந்து முள்ளையும் கிளையையும் வெட்டி ஒதுக்கிக்கொண்டே போனார். "பாத்து சாமி, பாத்து, அங்க வழுக்கும்" என்று அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மலையில் இருந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு என் கை அவள் கையைப் பிடித்திருந்தது. பாதி வழியில் செல்வி கண்ணைத் திறந்து, "நர்சம்மா, எனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுன்னு பொட்டில போட்டிருக்குதாமே?" என்றாள்.

"பொட்டி கெடக்குது கண்ணு. அதுல தப்பாப் போட்டது நான்தான். நீ மூச்ச இழுத்து உடு" என்றேன். அவளிடம்தான் முதலில் ஒப்புக்கொண்டேன். அவள் அந்த வலியிலும் லேசாகச் சிரித்தாள். எனக்குத்தான் கண்ணீர் வந்துவிட்டது.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரலில் குறை இல்லை. தாய்க்கு நான்கு நாளில் ரத்த அழுத்தம் இறங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் டேப்லெட்டைத் திறந்து, இந்தத் தடவை நீள நம்பரை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துவிட்டு, குழந்தையைப் பதிந்தேன். பிறந்த தேதி என்றது. போட்டேன். மணி என்றது. நிமிடம் என்றது. எல்லாம் இருந்தது. அந்த வீட்டில் பிறந்த நிமிடம்வரை தெரிந்த முதல் ஆள் அந்தக் குழந்தைதான்.

மறுநாள் எங்கள் மேலதிகாரியான டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினார். அதில் எனக்கு வருத்தமில்லை. நஸ்ரினிடம் சொன்னபோதுதான் தாங்க முடியவில்லை. அவள் கம்ப்யூட்டரில் தட்டித் தேடுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு, "ஒரே மாதிரி ரெண்டு பேரு இருக்குதுன்னு எனக்குக் காட்டுச்சுங்கக்கா. நான்தான் என்னான்னு பாக்காமத் தட்டி உட்டுட்டேன்" என்றாள். அடுத்த வியாழக்கிழமை அவளே மலையேறி வந்தாள். வளைவு வளைவாக வாந்தி எடுத்து, முகம் வெளுத்து, பாறைமேல் வந்து உட்கார்ந்தாள். கருப்பண்ணன் நாற்காலி போட்டு மிளகுக் காப்பி கொடுத்தார். நான் பலாச்சுளை உரித்துக் கொடுத்தேன். மூன்று பேருமாக உட்கார்ந்து எல்லாப் பெண்களையும் சரிபார்த்தோம். வீட்டுக்காரர் பெயர் கட்டத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருப்பதை நஸ்ரின் கண்டுபிடித்தாள். 'பொன்னுசாமி மேட்டு ஊடு', 'பொன்னுசாமி ஓடை ஊடு' என்று போட்டோம். யாருக்கு அடுத்து யார் வீடு என்று கருப்பண்ணன் சொல்லச் சொல்ல, என் கால் நடக்கும் வரிசையிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்தாள். "இப்படி ஒரு லிஸ்ட்ட நான் பாத்ததே இல்லீங்கக்கா" என்றாள்.

நடுவில் கருப்பண்ணனின் போன் அடித்தது. சத்தமாக வைத்தார். "பழனியம்மாள் அவர்களுக்கு வணக்கம்" என்றது குரல். நஸ்ரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் கீழே இருந்து தட்டிவிடுவது எங்கே போய்ச் சேருகிறது என்று அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. கருப்பண்ணன் கையைக் காட்டி எங்களை அமர்த்திவிட்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கடைசிவரை கேட்டார். "சரீங்கம்மா, சொல்லிடறன்" என்று பதில் வேறு சொன்னார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இந்தா ஒரு எட்டுல போயிட்டு வாரேனுங்க" என்று இறங்கினார். நஸ்ரின் சிரித்துச் சிரித்துப் பலாச்சுளையைக் கீழே போட்டாள்.

அதன் பிறகு நான் வேலையை விட்டு வரும்வரை இரண்டையும் செய்தேன். பட்டியலையும் பார்த்தேன், பட்டியலில் இல்லாத வாசலிலும் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனேன். கால்வலி திரும்ப வந்தது.

அரை மணி நேரம் முடிந்து கண்ணைத் திறந்தபோது எதிரே எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. டாக்டர் கண்ணாடி மாற்றச் சொன்னார். மலையில் மாறியதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. போன தை மாதம் போயிருந்தேன். பாறைக்குப் பக்கத்தில் டவர் நிற்கிறது. நிலையத்துக்குள்ளேயே நாலு கோடு எடுக்கிறது. புதிதாக வந்திருக்கும் செவிலியர் கைபேசியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறாள், கெட்டிக்காரி. வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்தே அனுப்பிவிடுகிறார், ரேஷன் கடைக்காரர் கடையிலிருந்தே. நாலு மணிக்குப் பாறைக்கு ஏற யாருக்கும் காரணமில்லை. அங்கே உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொந்தமாகப் போன் இருக்கிறது. பிறந்த தேதியும் இருக்கிறது. நஸ்ரின் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாள்.

கருப்பண்ணன் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். காப்பி குடித்தபடி, "இப்பவும் போன் வருதுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"கடைசியா ஒன்னு வந்துச்சுங்க. சத்யா கொழந்தைக்கு ஒம்போதாம் மாசத் தடுப்பூசின்னு. எந்திரிச்சு அவங்கூட்டுக்குப் போனன். 'எனக்கே வந்துருச்சுங்க மாமா'ன்னு அந்தப் புள்ள போன எடுத்துக் காட்டிருச்சு. சரின்னு அங்கயே உக்காந்து சாமச்சோறு தின்னுட்டு வந்தன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மிளகைக் கையால் ஒருமுறை கிளறிவிட்டார்.

"அதுக்கப்பறம் அந்தம்மா கூப்புடவே இல்லீங்க."